நிஷிகாவா சாரின் கிளாஸ்

சமைக்க ஆள் வேண்டும் என்றுதான் முரளி அவளை அழைத்து வந்தான். சாயங்காலத்தில் இன்னொரு வேலையும் உண்டு என்பது, வந்து ஒரு வாரம் கழித்துத்தான் அம்சவேணிக்குத் தெரிந்தது.

திருப்பதியில் திருச்சானூர் ரோட்டை ஒட்டியிருந்த அந்த மாடி வீட்டை ஒரு ஜப்பான் கம்பெனி கெஸ்ட் ஹவுஸாக எடுத்திருந்தது. செல்போனுக்குள் போகிற சின்னச் சின்னப் பாகங்களைச் செய்யும் கம்பெனி. பிளாண்ட் ரேணிகுண்டாவைத் தாண்டி இருந்தது. அதற்குத் தலைவரான நிஷிகாவா மாடியில் தனியாகக் குடியிருந்தார். அறுபதைத் தொடப்போகிற வயசு, ஒடிசலான உடம்பு, தரை அதிராத நடை. கெஸ்ட் ஹவுஸைப் பார்த்துக்கொண்ட முரளி நகரிக்காரன். தமிழையும் தெலுங்கையும் ஒன்றாகப் பிசைந்து பேசுவான்.

"அக்கா, சாருக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முந்தி ஒரு கிளாஸ் கலக்கித் தரணும். இத்தினி நாளு அவரே கலக்கிக்கினு இருந்தாரு. இன்னிக்கி உனக்குக் காட்டறேன்னு சொல்றாரு."

"இன்னா கிளாசு? மோரா?"

"விஸ்கி. விஸ்கி சோடா."

அம்சவேணி நறுக்கிக்கொண்டிருந்த முள்ளங்கியை அப்படியே போட்டாள். "அது என்னால ஆவாது முரளி. வேற ஆளப் பாத்துக்கோ."

"நீயா குடிக்கப்போற? நம்ம ஊரு குடி மாதிரி இல்லக்கா இது. கொஞ்சங்கூட சத்தம் இருக்காது. நம்ம பிரேமலதா வேற சாரோட பிளாண்ட்லதானே லைன்ல நிக்கிது. யோசன பண்ணிப் பேசு."

பயமுறுத்துவதற்காக அவன் மகளின் பேரை எடுக்கவில்லை. ஆனாலும் எடுத்துவிட்டான்.

அம்சவேணி தொண்ணூற்றிரண்டில் பிச்சாட்டூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். அப்போது சாராயம் பாக்கெட்டில் வரும். சொந்த நிலமில்லாத அவர்கள் தெருவில், கூலி வீட்டுக்கு வருகிறதோ இல்லையோ, பாக்கெட் வந்துவிடும். மறு வருஷம் ஊர்ப் பெண்கள் துடைப்பத்தோடு திரண்டு போய்ச் சாராய ஜீப்பை மறித்தார்கள். தாலிக்கயிற்றில் மஞ்சள் வாடாத அம்சவேணியும் போனாள். பாக்கெட்டுகளைப் பல்லால் கடித்துக் கிழித்து ஆரணி ஆற்று மணலில் ஊற்றினார்கள். சாராயம் நின்றது. பிராந்தி வந்தது. அவள் புருஷன் செங்கல்வராயன் அதற்கு மாறிக்கொண்டான். அவள் அழுதாள், அடித்தாள், அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தாள். வயிறு பானையாக வீங்கி, கண் மஞ்சள் பூத்து, நாற்பத்தெட்டு வயசில் அவன் போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு புத்தலப்பட்டுப் பக்கம் மாங்கூழ் ஃபேக்டரிகளில் ஈரத் தரையில் நின்று நின்று அவளுக்கு முழங்கால் இரண்டும் போயிற்று. மகளுக்கு ஜப்பான் கம்பெனியில் வேலை கிடைத்த பிறகுதான் இருவரும் திருப்பதிக்கு வந்து ஒரு அறை பிடித்தார்கள்.

இப்போது முரளியோடு சண்டை போட அவளிடம் தெம்பில்லை. ஒரு பிறவிக்கு வேண்டிய சண்டையை ஏற்கெனவே போட்டாயிற்று.

"சரி, வந்து காட்டச் சொல்லு" என்றாள்.

நிஷிகாவா சட்டைக் கையை மடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். அவருடைய போனில், பேசுவதைத் தமிழாக்கிச் சொல்கிற வசதி இருந்தது. அவர் ஜப்பான் பாஷையில் நாலு வார்த்தை சொன்னதும் போன், ரேடியோவில் செய்தி வாசிக்கிற பெண்ணைப் போல, "தயவுசெய்து கண்ணாடிக் குவளையைப் பனிக்கட்டியால் நிரப்பவும்" என்றது. முரளி சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

உயரமான மெல்லிய கிளாஸ். அது எப்போதும் ஃப்ரீஸரிலேயே இருக்க வேண்டும். கடை ஐஸ் கூடாது. காய்ச்சி ஆறின தண்ணீரை எவர்சில்வர் டப்பாவில் உறையவைத்து, பெரிய துண்டுகளாக உடைத்து, கிளாஸின் வாய்வரைக்கும் அடுக்க வேண்டும். முதலில் வெறும் ஐஸை நீளக் கரண்டியால் சுழற்ற வேண்டும். கிளாஸுக்கு வெளியே பனி பூத்ததும், அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட வேண்டும். பிறகுதான் விஸ்கி, ஒரு பங்கு. அதையும் ஐஸோடு சுழற்றிச் சில்லிட வைக்க வேண்டும். அதற்குள் ஐஸ் இறங்கியிருக்கும். மேலே இன்னும் இரண்டு துண்டு. அப்புறம் சோடா, அந்த நிமிஷம் திறந்ததாக, பல் கூசுகிற குளிர்ச்சியில், நாலு பங்கு. அதை ஐஸின் தலையில் ஊற்றினால் கேஸ் போய்விடும். ஐஸுக்கும் கிளாஸுக்கும் நடுவே இருக்கிற சந்தில் ஓரமாக, நிதானமாக விட வேண்டும். கடைசியில் கரண்டியை அடிவரைக்கும் இறக்கி, ஐஸை ஒரே ஒரு தரம் தூக்கிவிட்டால் போதும். அதற்கு மேல் தொடக் கூடாது.

எலுமிச்சைத் தோலை ஒரு சீவு சீவி, மேலே நெளித்துப் பிழிந்துவிட்டு, கிளாஸை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். வெளுத்த தேன் நிறம். அடியிலிருந்து நூல் நூலாகக் குமிழி ஏறிக்கொண்டிருந்தது.

செங்கல்வராயன் குடிப்பதை அவள் ஆயிரம் தரம் பார்த்திருக்கிறாள். சுவரோரமாக நின்று, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஊற்றாக ஊற்றிக்கொள்வான். இந்த மனுஷன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வெயிலில் வந்தவன் தண்ணீர் குடிப்பதுபோல ஆற அமரக் குடித்தார். குடித்துவிட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுத் தன் தட்டைத் தானே கொண்டுவந்து வைத்தார். கோபப்பட ஒன்றும் கிடைக்காததே அவளுக்கு என்னவோபோல் இருந்தது.

அவளுக்குக் கை சீக்கிரமே பழகிவிட்டது. கிளாஸ் எப்போது போதுமான அளவு குளிர்ந்தது என்பதைக் கரண்டியின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். சனிக்கிழமைகளில் சென்னையிலிருந்தும் ஸ்ரீசிட்டி ஃபேக்டரிகளிலிருந்தும் நாலைந்து ஜப்பான்காரர்கள் வருவார்கள். அவள் வைத்த கிளாஸை ஒரு வாய் குடித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டுவார்கள். சென்னை ஆபீஸ்காரரான ஓக்குபோ ஒருமுறை எழுந்து சமையலறை வாசலுக்கே வந்து தலை குனிந்துவிட்டுப் போனார். அன்றைக்கு அவளுக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போய் சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள்.

"ஏம்மா, இன்னிக்கி மீன் கழுவினியா?" என்று பிரேமலதா கேட்டாள்.

"ஆமா" என்றாள்.

மழைக்காலம் முடிகிறபோது ஒரு கிளாஸ் இரண்டாயிற்று. பிளாண்டில் ஏதோ ஆர்டர் நின்றுபோனதாக மகள் சொன்னாள். நிஷிகாவா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஜப்பானோடு பேசிக்கொண்டே இருப்பார். கிளாஸ் காலியானால், பேச்சை நிறுத்தாமலே அதை மேஜை ஓரத்துக்குத் தள்ளுவார். அவள் எடுத்துப் போய் வேறு கிளாஸ் கொண்டுவருவாள். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போவாள். காலையில் வந்து பார்த்தால் மூடினது மூடினபடி இருக்கும்.

மார்கழியில் ஒருநாள் அவர் வாசலில் குனிந்து ஷூவையும் சாக்ஸையும் கழற்றியபோது அவள் கவனித்தாள். சாக்ஸின் ரப்பர் அழுந்தியிருந்த இடம் கணுக்காலுக்கு மேலே பள்ளமாக, மோதிரம் போட்ட மாதிரி, நிரவாமல் நின்றது. நிமிர்ந்தவரின் கண்ணைப் பார்த்தாள். வெள்ளை விழியில் லேசாக மஞ்சள் ஏறியிருந்தது. இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு எந்த டாக்டரும் வேண்டியதில்லை. இதோடு அவள் குடித்தனம் நடத்தியிருக்கிறாள்.

"முரளி, சாருக்கு ஒடம்பு சரியில்ல. டாக்டரண்ட இட்டுக்கினு போ."

"அவரே எதுவும் சொல்லல, உனக்கு இன்னாத்துக்கு? அவரு பிளாண்ட் ஹெட்டுக்கா. நா போயி 'சார், உங்க கண்ணு மஞ்சளா கீது'ன்னு சொல்ல முடியுமா?"

அன்று சாயங்காலம் கிளாஸைக் குளிரவைத்து, தண்ணீரை வடித்து, விஸ்கி பாட்டிலைச் சாய்த்தவள், பாதியிலேயே நிமிர்த்திவிட்டாள். யோசித்துச் செய்ததில்லை. கை தானாக நின்றுவிட்டது. மிச்சத்தைச் சோடாவால் நிரப்பி, எலுமிச்சைத் தோலை இரண்டு சீவாகப் பிழிந்தாள். அவர் குடித்தார். எப்போதும்போல் கிளாஸை ஓரத்துக்குத் தள்ளினார். மறுநாள் இன்னும் கொஞ்சம் குறைத்தாள். அப்படியே நாட்கள் போயின.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் சமையலறைக்கு வந்து, அலமாரியிலிருந்த பாட்டிலை எடுத்து மேடைமேல் வைத்தார். போனில் பேசினார். "இந்த வாரம் பாட்டில் காலியாகவில்லை" என்றது அந்தச் செய்திப் பெண்.

அம்சவேணிக்கு மகளின் வேலை நினைவுக்கு வந்தது. ஆனாலும் போனின் பக்கம் குனிந்து சொன்னாள்: "உங்க காலு வீங்கிக்கினு கீது சார். எங்க வூட்டுக்காரருக்கும் இப்பிடித்தான் மொதல்ல காலு, அப்புறம் வயிறு. அதான் கொறச்சி ஊத்தினேன்."

போன் அதை என்னவாக மாற்றியதோ, அவர் முகம் குழம்பிற்று. மறுபடி சொன்னாள். மறுபடியும் அவருக்குப் புரியவில்லை. அவளுக்குச் சலித்துவிட்டது. முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து, தன் கணுக்காலில் பெருவிரலை அழுத்தி எடுத்துக் காட்டினாள். தோல் உடனே மேலே வந்தது. பிறகு அவருடைய காலைக் கை காட்டினாள்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சாக்ஸை இறக்கி, பெருவிரலால் அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழி நிரவவில்லை.

நிஷிகாவா சாக்ஸை ஏற்றிக்கொண்டார். எழுந்து, அவளை நகரச் சொல்லிக் கை காட்டிவிட்டு, தானே ஒரு கிளாஸ் எடுத்துக் கலந்துகொண்டு மாடிக்குப் போனார். விஸ்கி நிறையவே விட்டார்.

அடுத்த பத்துப் பதினைந்து நாள் அவரே கலந்துகொண்டார். அவள் சமைத்ததோடு சரி. வேலையை விட்டு அனுப்பவுமில்லை, முகம் கொடுத்துப் பேசவுமில்லை. "இன்னாக்கா செஞ்சே?" என்று முரளி துளைத்தெடுத்தான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். புருஷனோடு போனதென்று நினைத்த பழைய களைப்பு திரும்ப வந்து தோளில் ஏறிக்கொண்டது. இதற்குப் பேசாமல் கேட்ட அளவை ஊற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம் என்று தோன்றிற்று.

தை மாதத்தில் அவர் இரண்டு நாள் சென்னைக்குப் போய்வந்தார். திரும்பி வந்த அன்று கையில் ஒரு ஆஸ்பத்திரிப் பை இருந்தது. நேரே சமையலறைக்கு வந்து போனை மேடைமேல் வைத்தார்.

"எனக்கு இனி சோடா மட்டும். சனிக்கிழமை விருந்தினர்கள் அறியக் கூடாது. அறிந்தால் நிறுவனம் என்னைத் திருப்பி அனுப்பும்."

திருப்பி அனுப்பினால் என்ன, சொந்த ஊர்தானே என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியது. ஆனால் பெண்டாட்டி பிரிந்துபோய்ப் பல வருஷமாயிற்று, ஒரே மகள் பேசுவதில்லை என்று முரளி முன்பே சொல்லியிருந்தான். "சரி சார்" என்றாள்.

வெறும் சோடாவில் நிறம் இருக்காது. அம்சவேணி டீத்தூளை லேசாகக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஃப்ரிட்ஜில் ஆறவைத்துப் பார்த்தாள். ஒரு கரண்டி விட்டதும் அதே வெளுத்த தேன் நிறம் வந்தது. மற்றதில் எதையும் மாற்றவில்லை. அதே ஐஸ், அதே சந்து, அதே எலுமிச்சைத் தோல். முதல் சனிக்கிழமை அவர் மற்றவர்களோடு கிளாஸை உயர்த்தி ஒரு வாய் குடித்துவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வந்த இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தாள்.

மாசி முழுக்க அப்படியே போயிற்று. அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட ஆரம்பித்தார். முள்ளங்கிச் சாம்பாரை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். கால் வீக்கம் வடிந்த மாதிரி இருந்தது. பொய்க் கிளாஸை எப்போதும் அவள் கையாலேயே அவர் முன்னால் வைப்பாள். அதை மட்டும் முரளியிடம் விடுவதில்லை.

மாசிக் கடைசிச் சனிக்கிழமை மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். கிளாஸ்களைத் தட்டில் அடுக்கித் தூக்கப்போன நேரத்தில் வாணலி எண்ணெய் பொங்கி அடுப்பில் வழிந்து தீ எழும்பியது. அவள் அடுப்பை அணைக்க ஓடினாள். "நேனு தீஸ்கு போத்தானுக்கா" என்று முரளி தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்து வாசலுக்கு வந்தபோது எல்லார் கையிலும் கிளாஸ் இருந்தது. நிஷிகாவாவின் கையிலிருந்தது அவருக்கென்று அவள் கலந்த டீக் கிளாஸ் இல்லை. அவர் அதை உதட்டருகே வைத்தபடியே வைத்திருந்தார், குடிக்கவில்லை.

அது சென்னை ஓக்குபோவிடம் போயிருந்தது. அவர் ஒரு வாய் குடித்தார். கிளாஸைக் கீழே இறக்கிப் பார்த்தார். பிறகு நிஷிகாவாவைப் பார்த்தார். வாசலில் புடவைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு நின்ற அம்சவேணியைப் பார்த்தார். அந்தக் கிளாஸை மெல்ல மெல்லக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் வேறு ஏதோ பேச ஆரம்பித்தார்.

பங்குனியில் ஜப்பானிலிருந்து உத்தரவு வந்தது. நிஷிகாவா ஊருக்குத் திரும்ப வேண்டும்.

"அந்த மெட்ராசு ஆபீஸ்காரரு சொல்லிட்டாரா?" என்று முரளியிடம் கேட்டாள். அதற்குள் அவனுக்கும் விஷயம் தெரிந்துவிட்டிருந்தது.

"தெலீதுக்கா. சொல்லியிருந்தாலும் இன்னா தப்பு? சீக்காளிய வூட்டுக்கு அனுப்பறாங்க. நீதானே மொதல்ல டாக்டரண்ட காட்டச் சொன்னே?"

அவன் சொன்னது சரிதான். அந்தத் தட்டைத் தானே எடுத்துப் போயிருக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் அவளை விடவில்லை.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் நிஷிகாவா சமையலறைக்கு வந்தார். பெட்டிகள் கீழே வந்துவிட்டன. மாடியில் எதுவும் இல்லை. போனை எடுக்காமல், ஒரு விரலைக் காட்டி, அலமாரியில் இருந்த பாட்டிலைக் காட்டினார். ஒன்றே ஒன்று. நிஜமானது.

அம்சவேணி தலையை ஆட்டினாள். "வேணாம் சார்."

அவர் வற்புறுத்தவில்லை. தானே கிளாஸை எடுத்தார். ஐஸை அடுக்கினார். வடிக்க வேண்டிய தண்ணீரை வடிக்க மறந்து விஸ்கியை விட்டார். சோடா ஐஸின் தலையிலேயே சரிந்து, சீறிப் பொங்கி, மேடையெல்லாம் வழிந்தது. ஈரத்தைக் கையால் துடைத்தபடி நின்றார். கிளாஸில் குமிழி அடங்கிப்போய் இருந்தது.

அவளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கரண்டியை அவர் கையிலிருந்து வாங்கினாள். கலந்ததைத் தொட்டியில் கொட்டினாள். ஃப்ரீஸரிலிருந்து வேறு கிளாஸ் எடுத்து, ஐஸ் போட்டுச் சுழற்றி, வடித்து, விஸ்கியை விட்டாள். எவ்வளவு விடுவாள் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பாதியில் நிறுத்தினாள். அவர் மறுப்புச் சொல்லவில்லை. சோடாவை ஓரமாக விட்டு, ஐஸை ஒரு தரம் தூக்கிவிட்டு, அவர் முன்னால் வைத்தாள்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து அங்கேயே குடித்தார். முழுசும் குடித்தார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துலக்கினாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. அழுகையும் வரவில்லை. எங்கேயாவது படுத்தால் போதும் என்றிருந்தது. அவர் எழுந்து, கிளாஸைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு, இடுப்பு வளைய அவளுக்கு ஒரு கும்பிடு மாதிரி வணங்கிவிட்டுப் போனார்.

வைகாசியில் முரளி ஒரு சேதி சொன்னான். அவர் தன் ஊரில் ஏதோ ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். மகள் வந்து பார்த்ததாக ஆபீஸில் பேசிக்கொண்டார்களாம். அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை.

அந்த மாதமே புதுத் தலைவர் வந்துவிட்டார். சின்ன வயசு, பேச்சும் சிரிப்பும் அதிகம். வந்த இரண்டாம் நாளே முரளி சமையலறைக்கு ஓடி வந்தான். "அக்கா, உன் கிளாஸப் பத்தி சென்னையிலயே சொல்லிட்டாங்களாம். இன்னிக்கி சாயங்காலம் வேணுமாம். ஐஸ் கீதா?"

"ஐஸ் கீது. நீ கலக்கு" என்றாள் அம்சவேணி.

"நானா?"

"இத்தினி நாளு பாத்துக்கினுதானே இருந்தே? நா இனிமே காலையில வந்து ரெண்டு வேளைக்கும் ஆக்கி வெச்சிட்டு மத்தியானமே போயிடறேன். சம்பளம் கொறச்சா கொறச்சிக்கோ. முடியாதுன்னா வேற ஆளு வெச்சிக்கோ."

"கோவமா?"

"கோவம் இல்ல முரளி. கை வலிக்குது."

முரளி அவள் முகத்தைப் பார்த்தான். சோடாவை எங்கே ஊற்ற வேண்டும் என்று மட்டும் கேட்டான். சொல்லிக் கொடுத்தாள்.

ஷேர் ஆட்டோவில் அவள் வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் சாயவில்லை. நைட் ஷிப்டுக்குப் போகவேண்டிய பிரேமலதா தலை வாரிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் சீப்பு கையில் அப்படியே நின்றது.

"இன்னாம்மா, ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் கீறேன். துன்னியா நீ?"

"இனிமேதான்."

இருவரும் உட்கார்ந்து, மத்தியானச் சோற்றில் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டார்கள். மகள் பிளாண்ட் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அம்சவேணி பாதி கேட்டாள். சாப்பிட்ட கையோடு பாயை உதறிப் போட்டு ஃபேனுக்கு நேரே படுத்தாள். பிரேமலதா கதவைச் சாத்திக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குப் போன சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.